வளரும் பிள்ளைகளின் கழுத்து வலி: பெங்களூருத் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், மர்பி டவுன், ராமமூர்த்தி நகர், கே.ஆர்.புரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பிசியோதெரபிக்காக என்னிடம் வருகிறார்கள். 12 வயதுக்கு மேல் 19 வயதுக்குள் உள்ள பிள்ளைகளின் கழுத்து வலி பற்றி அவர்கள் கேட்பதையும், நான் சொல்லும் பதிலையும் இங்கே எழுதியிருக்கிறேன். இந்த வயதுக் கழுத்து வலியில் பெரும்பகுதி தசை சம்பந்தப்பட்டது. கழுத்தை அசைத்தால், பிள்ளை நன்றாகத் தூங்கினால் சரியாகிவிடும். கழுத்துப் பட்டை, ஸ்கேன், மாத்திரை மூட்டை எதுவும் தேவைப்படாது. ஆனால் விட்டுவைக்கக் கூடாத சில வலிகளும் உண்டு. அந்தக் கேள்வியோடுதான் தொடங்க வேண்டும்.

எப்ப உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்?

காய்ச்சலோடு கழுத்து விறைத்து, தாடையை நெஞ்சுப் பக்கம் கொண்டுவர முடியாமல் போனால் காத்திருக்க வேண்டாம். கூடவே கடுமையான தலைவலி, வாந்தி, வெளிச்சம் கண்ணைக் கூசுவது, உடம்பில் தடிப்பு, கூப்பிட்டால் சரியாகப் பதில் வராமல் மயக்கமாக இருப்பது இவற்றில் ஏதாவது இருந்தால் அது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். இரவு இரண்டு மணியாக இருந்தாலும் கிளம்பிவிடுங்கள்.

வண்டியிலிருந்து விழுந்தது, நீச்சல் குளத்தில் தலை கீழாகக் குதித்தது, கபடியில் கழுத்து மடங்கியது போன்ற அடிக்குப் பிறகு கழுத்தின் நடு எலும்பில் வலி இருந்தால், பிள்ளையைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தலையை அசைக்காமல் படுத்த நிலையிலேயே வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். கையிலோ காலிலோ மரத்துப்போவது, பிடி தளர்வது, நடை தடுமாறுவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது இவை அடிபடாமலே வந்தாலும் அவசரம்தான். தொண்டை வலியும் காய்ச்சலும் இருக்கும்போது எச்சில் விழுங்க முடியாமல், வாய் திறக்க முடியாமல், கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டால் தொண்டைக்குப் பின்னால் சீழ் கட்டியிருக்க வாய்ப்பு உண்டு. அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டியது.

இன்னொரு வகை மெதுவாக வரும். இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, நாளுக்கு நாள் கூடும் வலி, சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, இரவு வியர்வை, கழுத்தில் கட்டி. நம் நாட்டில் முதுகெலும்பு டிபி இன்னும் இருக்கிறது. அதனால் இந்த அறிகுறிகளை 'படிப்பு டென்ஷன்' என்று ஒதுக்காமல் இரண்டொரு நாளில் டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டில் யாரும் எதிர்பார்க்காத காரணம் ஒன்றும் உண்டு. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு மருந்து சில பிள்ளைகளுக்கு, அதிலும் வளரும் வயதினருக்கு, ஒத்துக்கொள்ளாது. மாத்திரையோ ஊசியோ போட்டுச் சில மணி நேரத்தில், சில சமயம் ஓரிரு நாள் கழித்து, கழுத்து ஒரு பக்கம் திருகி இழுக்கும், கண் மேலே சொருகும், நாக்கு தடுமாறும். வலிப்பு என்றும் காற்றுக் கருப்பு என்றும் பயந்துபோகிறார்கள். ஆஸ்பத்திரியில் மாற்று மருந்து கொடுத்தால் சீக்கிரமே விட்டுவிடும். என்ன மருந்து சாப்பிட்டான் என்று அந்த அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

பையன் காலையில எழுந்ததும் கழுத்தைத் திருப்ப முடியல. தலை ஒரு பக்கமா சாஞ்சே இருக்கு. நேத்து ராத்திரி நல்லாத்தான் இருந்தான்.

மேலே சொன்ன எந்த அறிகுறியும் இல்லையென்றால் இது நாம் சுளுக்கு என்று சொல்லும் கழுத்துப் பிடிப்பு. இந்த வயதில் சகஜம். தூங்கிய நிலை, முந்தைய நாள் பழக்கமில்லாத ஆட்டம், நெடுநேரம் ஒரே பக்கம் திரும்பி உட்கார்ந்தது எதுவும் தூண்டிவிடலாம். பல சமயம் காரணமே தெரியாது. முதல் நாள் பார்க்கவே பயமாக இருக்கும். இரண்டு மூன்று நாளில் பாதி இறங்கி, ஒரு வாரத்துக்குள் போய்விடும்.

வெதுவெதுப்பான ஒத்தடம் 15 நிமிடம் கொடுங்கள். பிறகு வலி தொடங்கும் எல்லை வரை மட்டும் மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். மணிக்கொரு தடவை சில முறை போதும். படுத்தே கிடக்க வேண்டாம். ஒரு வாரம் ஆகியும் தலை நேராகவில்லை என்றாலோ, சளி, தொண்டைப் புண்ணுக்குப் பிறகு இப்படி வந்தாலோ டாக்டர் பார்க்க வேண்டும். தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே விலகல் ஏற்படுவது அபூர்வம்தான். சின்னப் பிள்ளைகளிடம் அது கொஞ்சம் கூடுதலாக வரும்.

சலூன்ல தலையைப் பிடிச்சு ஒரு திருப்பு திருப்பினா சரியாயிடும்னு இவங்க அப்பா சொல்றார். சுளுக்கு எடுக்கிறவங்ககிட்ட போகலாமா?

வேண்டாம். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் நான்கு பெரிய குழாய்களில் இரண்டு, கழுத்து எலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியாகவே மேலே போகின்றன. தலையைச் சட்டென்று திருகும்போது அந்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து, பக்கவாதம் வந்திருக்கிறது. முடி வெட்டும் கடையில் கழுத்தைச் சொடுக்கிய பிறகு இப்படி ஆனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. அடிக்கடி நடப்பதில்லை. ஆனால் தானாக ஒரு வாரத்தில் போகும் பிடிப்புக்காக அந்த ஆபத்தில் ஒரு பிள்ளையை நிறுத்துவானேன்? அந்தச் 'சடக்' சத்தம் மூட்டுக்குள் இருக்கும் வாயுக் குமிழியின் சத்தம். எலும்பு இடத்தில் உட்கார்ந்ததற்கு அது அடையாளம் இல்லை.

தோளையும் முதுகையும் எண்ணெய் விட்டுப் பதமாகத் தேய்த்துவிடுவதில் தவறில்லை. திருகல் மட்டும் கூடாது. பிள்ளைகள் தாங்களே கழுத்தைச் சொடுக்கிக்கொள்ளும் பழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

எக்ஸ்ரே எடுத்தோம். கழுத்து வளைவு குறைஞ்சிருக்குன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கு. இந்த வயசுலயே ஸ்பாண்டிலைட்டிஸா?

இல்லை. ஸ்பாண்டிலைட்டிஸ், அதாவது எலும்புத் தேய்மானம் என்று நாம் சொல்வது, பெரும்பாலும் 40 வயதுக்கு மேல் படத்தில் தெரிய ஆரம்பிப்பது. 14 வயதுக் கழுத்தில் அதைத் தேட வேண்டியதில்லை.

கழுத்தில் 7 எலும்புகள். பக்கவாட்டில் பார்த்தால் முன்னோக்கி ஒரு சின்ன வளைவு இருக்கும். தசை இறுகியிருந்தாலோ, படம் எடுக்கும்போது தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி நின்றாலோ அந்த வளைவு நேராகத் தெரியும். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் இப்படித்தான் இருக்கிறது. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, மகளை விளையாட்டிலிருந்து நிறுத்திய பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் கெடுதல். தனக்கு எலும்பு சரியில்லை என்ற எண்ணம் ஒரு முறை மனதில் விழுந்தால், வலி போன பிறகும் கழுத்தைத் திருப்பப் பயப்படுவார்கள்.

அடிபடவில்லை, ஆபத்து அறிகுறி இல்லை என்றால் முதல் சில வாரங்களுக்கு எக்ஸ்ரேயும் தேவையில்லை, எம்.ஆர்.ஐ.யும் தேவையில்லை. கேட்டு வாங்காதீர்கள். எடுக்கச் சொன்னால், 'இதில் என்ன தேடுகிறீர்கள் டாக்டர்?' என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் சொல்வார்.

எல்லாத்துக்கும் அந்த போன்தானே காரணம்?

ஓரளவு. நாம் நினைக்கும் விதத்தில் இல்லை.

தலையைக் குனிந்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் ஏறுகிறது என்ற படம் எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கும். அது 2014-ல் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் கணினி மாதிரியில் போட்ட கணக்கு. நிமிர்ந்திருக்கும்போது ஏறத்தாழ 5 கிலோவாக இருக்கும் பாரம், 60 டிகிரி குனிந்தால் 27 கிலோ அளவுக்கு ஏறும் என்பது அந்தக் கணக்கு. அது பெரியவர்களின் தலையை வைத்துப் போட்டது. உயிருள்ள பிள்ளைகளின் வலியை அளந்து சொன்னது அல்ல.

அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் 17 வயதுப் பிள்ளைகள் 1,100-க்கும் மேற்பட்டவர்களின் உட்காரும் நிலையைப் பதிவு செய்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். கூன் போட்டு உட்காருகிறவர்களுக்குக் கழுத்து வலி கூடுதல் என்று அதில் தெரியவில்லை. மனச்சோர்வுக்கும் கூனி உட்காருவதற்கும்தான் ஒரு தொடர்பு தெரிந்தது. ரியோ டி ஜெனிரோவில் 18 முதல் 21 வயது வரை உள்ளவர்களிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்விலும், போனைக் குனிந்து பார்க்கும் கோணத்துக்கும் வலிக்கும் சம்பந்தம் கிடைக்கவில்லை.

அப்படியானால் போனால் பாதகமே இல்லையா? உண்டு. கோணத்தைவிட, அசையாமல் இருக்கும் நேரம்தான் படுத்துகிறது. ஒரு சொம்புத் தண்ணீரைக் கை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். சொம்பு கனமில்லை, ஆனால் கால் மணி நேரத்தில் தோள் கெஞ்சும். கழுத்துத் தசையும் அப்படித்தான், ரீல்ஸ் பார்த்தாலும் சரி, இயற்பியல் புத்தகம் பார்த்தாலும் சரி. இரவு ஒரு மணி வரை போன் ஓடினால் தூக்கம் போகிறது. சாயங்காலம் முழுக்க ஓடினால் விளையாட்டு போகிறது. என் அனுபவத்தில் இந்த இரண்டு இழப்பும்தான் போன் கழுத்துக்குச் செய்யும் பெரிய தீங்கு.

ஆகவே 'நிமிர்ந்து உட்காரு' என்று நாளெல்லாம் சொல்வதைவிட, அரை மணிக்கொரு தடவை எழுந்து நடக்க வைப்பது பலன் தரும். தண்ணீர் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், மொட்டை மாடித் துணியை எடுத்து வரச் சொல்லுங்கள். போனை மார்பு உயரத்துக்குத் தூக்கிப் பார்ப்பது, முழங்கையைத் தலையணை மேல் ஊன்றுவது இவையும் உதவும்.

போனை விடவே முடியாமல் படிப்பும் சாப்பாடும் குலைகிற நிலை என்றால் அது வேறு விஷயம். நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரியில் இதற்கென்றே 2014 முதல் 'ஷட்' என்ற தனிப் பிரிவு நடக்கிறது.

நான் செகண்ட் பியூசி (பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கிறேன். கழுத்து வலின்னு சொன்னா அம்மா போனைப் பிடுங்கிடுவாங்க. அதனால சொல்லவே இல்ல. மூணு மாசமா வலிக்குது.

நீ கேட்டது நல்லதாயிற்று. மூன்று மாதம் தனியாகத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டிய வலி இல்லை இது. அம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. அவருக்கு நான் சொல்வது இது: வலி என்று பிள்ளை சொன்ன அந்த நிமிடத்தில் போனைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, ராத்திரி தூங்க முடிகிறதா என்று மட்டும் கேளுங்கள். திட்டு விழும் என்று தெரிந்தால் அடுத்த முறை கை மரத்துப்போனாலும் சொல்ல மாட்டார்கள்.

மூன்று மாதம் தாண்டிய வலிக்கு ஒரு முறை டாக்டர் பார்த்துவிடட்டும். பிறகு கீழே சொல்லும் பயிற்சிகளைத் தொடங்கு.

பரீட்சை நேரத்துல மட்டும் கழுத்து பிடிச்சுக்குது. பரீட்சை முடிஞ்சா போயிடுது. நடிக்கிறானோ?

நடிக்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி., பியூசி, நீட், ஜே.இ.இ., சி.இ.டி. என்று இந்த ஊரில் ஜனவரி முதல் மே வரை பிள்ளைகளுக்கு மூச்சு விட நேரமில்லை. காலை டியூஷன், பள்ளி, அவுட்டர் ரிங் ரோடு டிராஃபிக்கில் வேனில் ஒரு மணி நேரம், மறுபடியும் கோச்சிங். பயமும் பதற்றமும் வரும்போது தோள் தன்னையறியாமல் காதை நோக்கி ஏறும், பல் கடிக்கும், மூச்சு மேலாக ஓடும். தோளையும் கழுத்தையும் இணைக்கும் தசை நாள் முழுக்க இறுகியே கிடக்கும். தூக்கம் குறைந்தால் நரம்பு மண்டலம் வலியைக் கூட்டியே காட்டும். மனதில் தொடங்கினாலும் வலி உடம்பில் உண்மையாகவே இருக்கிறது.

13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். 'பரீட்சைக்கு அப்புறம் தூங்கலாம்' என்று சொல்லும் வீடுகளில்தான் இந்த வலியை நான் அதிகம் பார்க்கிறேன். பாடம் ஒன்றைக் குறைத்தாவது தூக்கத்தைக் காப்பாற்றுங்கள். படித்தது நினைவில் நிற்கவும் தூக்கம்தான் வேண்டும். தினம் அரை மணி நேரமாவது வெளியே அனுப்புங்கள். அல்சூர் ஏரிக் கரையோ, கப்பன் பார்க்கோ, தெருவில் ஷட்டில் காக்கோ, எதுவானாலும் சரி. 5 முதல் 17 வயதுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பரீட்சை மாதத்தில் அதில் பாதி கிடைத்தாலே வித்தியாசம் தெரியும்.

கழுத்து வலியோடு பசியின்மை, யாரிடமும் பேசாமல் இருப்பது, அழுகை, வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு இவை இருந்தால் கழுத்தைப் பிறகு பார்க்கலாம். டெலி-மானஸ் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசுவார்கள். பள்ளியில் யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்றும் மெல்லக் கேளுங்கள்.

ஸ்கூல் பேக் எட்டு கிலோ இருக்கு. அதுதான் காரணமோ?

எட்டு கிலோ அதிகம்தான். 2020-ல் வந்த தேசியப் பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. கர்நாடக அரசு 2019-ல் கொண்டுவந்து 2023-ல் மறுபடி வலியுறுத்திய சுற்றறிக்கைப்படி 6 முதல் 8-ம் வகுப்புக்கு 3 முதல் 4 கிலோ, 9, 10-ம் வகுப்புக்கு 4 முதல் 5 கிலோ. அந்தச் சுற்றறிக்கையைக் காட்டிப் பள்ளியில் கேளுங்கள். பெற்றோர் நாலு பேர் சேர்ந்து போய்க் கேட்டால் காது கொடுப்பார்கள்.

பை எடைதான் வலிக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது. முதுகு வலி பற்றி 2018-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று அப்படித்தான் முடிவு சொன்னது. இருந்தாலும் ஏற்கெனவே வலிக்கிற கழுத்துக்குக் கனமான பை எரிச்சலைக் கூட்டும். இரண்டு பட்டையையும் மாட்டி, பை இடுப்புக்குக் கீழே தொங்காமல் இறுக்கி, கனமான புத்தகத்தை முதுகை ஒட்டி வைத்தால் போதும். தண்ணீர் பாட்டிலைப் பள்ளியில் நிரப்பிக்கொள்ள முடிந்தால் ஒரு கிலோ அங்கேயே குறைந்துவிடும்.

வீட்ல டேபிள் போட இடம் இல்ல. கட்டில்லயே உக்காந்து படிக்கிறாங்க. என்ன செய்றது?

ஸ்ரீராம்புரம், சேவாநகர் பக்கம் ஒற்றை அறை வீடுகளில் மேசை நாற்காலி வாங்கச் சொல்வது எனக்கே நியாயமாகப் படவில்லை. தரையில் சுவர் ஓரமாக உட்கார்ந்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, முன்னால் முக்காலியோ பலகையோ போட்டுப் புத்தகத்தைச் சாய்த்து வைத்தால் நன்றாகவே படிக்கலாம். லேப்டாப் என்றால் அடியில் நாலு தடித்த புத்தகம் அடுக்கி, திரையின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக வரச் செய்யுங்கள். தனி கீபோர்டு கிடைத்தால் நல்லது. ஒரு பாடம் தரையில், ஒரு பாடம் சமையல் மேடையில் நின்றபடி, ஒப்பிப்பது நடந்தபடி என்று மாற்றிக்கொண்டே இருந்தால் மேசையே வேண்டாம். குப்புறப் படுத்து மணிக்கணக்கில் படிப்பதை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

என்ன பயிற்சி செய்யணும்? எத்தனை நாள்?

பெரிதாக ஒன்றும் வேண்டாம், விடாமல் செய்தால் போதும்.

முதல் வாரம் அசைவு மட்டும். தலையை மெதுவாக வலது, இடது என்று 10 முறை திருப்புவது. காதைத் தோள் பக்கம் சாய்ப்பது, தோளைத் தூக்காமல். தோள்களைப் பின்னோக்கிச் சுழற்றுவது. காலை, மாலை, படுக்கும் முன் என மூன்று வேளை.

வலி பாதியாகக் குறைந்ததும் பலப்படுத்தும் பயிற்சி தொடங்க வேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வலி போனதும் நிறுத்திவிட்டு இரண்டு மாதத்தில் திரும்பி வருகிறார்கள். தாடையைக் கிடைமட்டமாக உள்ளே இழுத்து 5 விநாடி பிடித்து விடுவது, 10 முறை. பக்கத்திலிருந்து பார்த்தால் காது தோளுக்கு நேராக வரும், தலை குனியாது. அது பழகிய பிறகு மல்லாந்து படுத்து, தலையணை இல்லாமல், தாடையை உள்ளே வைத்தபடியே தலையைத் தரையிலிருந்து ஒரு விரல் உயரம் தூக்கி 5 முதல் 10 விநாடி பிடிப்பது. கழுத்தின் முன்பக்கத்து ஆழமான தசைகளுக்கு இது வேலை கொடுக்கும்.

தோளுக்கும் முதுகுக்கும் சேர்த்துச் செய்தால்தான் கழுத்து தேறும். தோள்பட்டை எலும்புகளை முதுகுக்குப் பின் நெருக்கி 5 விநாடி, 10 முறை. சுவரில் கை ஊன்றித் தண்டால். புத்தகம் போட்ட பள்ளிப் பையையே ஒரு கையால் தரையிலிருந்து இடுப்பு வரை முழங்கை பின்னால் போகும்படி இழுத்துத் தூக்குவது, பக்கத்துக்கு 10. வாரத்தில் மூன்று நாள், ஒன்று விட்டு ஒரு நாள். 6 முதல் 8 வாரம் தொடர வேண்டும்.

செய்யும்போது லேசான இழுப்பு இருந்தால் பயமில்லை. மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். கையில் கூச்சம், மரப்பு, தலைசுற்றல் வந்தால் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

தலையணை வைக்கலாமா, கூடாதா?

வைக்கலாம். பக்கவாட்டில் படுப்பவர்களுக்குத் தோள் உயரத்துக்கு ஈடாக, மல்லாந்து படுப்பவர்களுக்குக் கொஞ்சம் மெல்லியதாக. விலை உயர்ந்த 'சர்வைகல்' தலையணை தேவையில்லை. பிள்ளைக்கு எது சுகமோ அது.

என்ன மாத்திரை கொடுக்கலாம்?

தூக்கத்தைக் கெடுக்கும் அளவு வலி இருந்தால் பாராசிட்டமால் போதும். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் கணக்கு. 40 கிலோ பிள்ளைக்கு 500 மில்லிகிராம் ஒரு மாத்திரை, குறைந்தது 6 மணி நேர இடைவெளி, நாளுக்கு நாலு வேளையைத் தாண்டக் கூடாது. கல்லீரல் கோளாறு உள்ள பிள்ளைக்கு டாக்டரைக் கேட்காமல் தர வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்கு மேல் தேவைப்பட்டாலும் டாக்டரைக் கேளுங்கள். இபுப்ரோஃபென் வயிறு நிறைந்த பிறகே. ஆஸ்துமா, வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ள பிள்ளைக்குக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். மழைக் காலத்தில் இந்த ஊரில் டெங்கு பரவும்போது காய்ச்சலும் உடம்பு வலியும் சேர்ந்திருந்தால் இபுப்ரோஃபென் கூடவே கூடாது, ரத்தக் கசிவைக் கூட்டும். ஆஸ்பிரினும் இந்த வயதில் வேண்டாம்.

மருந்துக் கடையில் 'மசில் ரிலாக்ஸன்ட்' என்று கேட்காமலே கொடுக்கும் மாத்திரைகளில் தியோகால்சிகோசைடு என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள். மரபணுக்களைப் பாதிக்கலாம் என்ற கவலையால், 16 வயதுக்குக் கீழே அதைத் தரக் கூடாது என்று 2013-ல் ஐரோப்பிய மருந்து முகமை சொல்லிவிட்டது. நம் கடைகளில் வலி மாத்திரையோடு கலந்து சாதாரணமாகக் கிடைக்கிறது. அட்டையைத் திருப்பிப் படிக்காமல் வாங்காதீர்கள்.

பாட்டி உப்பு ஒத்தடம் கொடுத்து, தைலம் தடவுறாங்க. சரிதானா?

ஒத்தடம் நல்லது. கல்லுப்பை வறுத்துத் துணியில் கட்டி, பாட்டி முதலில் தன் முழங்கையில் சூடு பார்த்துவிட்டு வைக்கட்டும். டிசம்பர், ஜனவரிக் குளிரில் தசை இறுகும்போது இதைவிடச் சுகமானது இல்லை. தைலமும் தடவலாம். ஆனால் தைலம் தடவிய இடத்தில் ஒத்தடமோ ஹீட்டிங் பேடோ வைக்கக் கூடாது, தோல் வெந்துவிடும். இரண்டில் ஒன்று.

கழுத்துப் பட்டை, முதுகை நிமிர்த்துற பெல்ட் வாங்கலாமா?

அடிபட்டு டாக்டர் சொன்னாலொழிய வேண்டாம். பட்டை செய்யும் வேலையைத் தசை மறந்துவிடும்.

பொண்ணு பரதநாட்டியம் ஆடுறா, பையன் ஜிம் போறான். நிறுத்தணுமா?

முழுதாக நிறுத்த வேண்டாம். கடுமையான பிடிப்பு இருக்கும் சில நாளுக்குக் கழுத்தைப் பக்கவாட்டில் அசைக்கும் அட்டமியை மட்டும் விட்டுவிட்டு அடவுகளைச் செய்யலாம். ஆசிரியரிடம் சொன்னால் புரிந்துகொள்வார். வலி இறங்கியதும் மெதுவாக ஆடத் தொடங்கிப் பழைய வேகத்துக்குப் போகலாம். ஜிம்மில் கழுத்துக்குப் பின்னால் கம்பியை இறக்குவதையும், எடையைத் தூக்கும்போது தாடையை முன்னால் நீட்டுவதையும் தவிர்க்கச் சொல்லுங்கள். யோகா வகுப்பில் சிரசாசனமும் ஹலாசனமும் வலி முழுக்கப் போகும்வரை வேண்டாம். உடல் பாரம் கழுத்தில் இறங்கும் ஆசனங்கள் அவை.

கழுத்து வலியோட தலைவலியும் வருது. கண்ணா, நரம்பா?

இரண்டையும் பார்க்க வேண்டும். கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளை தாடையை நீட்டிக்கொண்டே உட்காரும். கண் பரிசோதனை செய்து கண்ணாடி போட்ட பிறகு கழுத்து இலகுவான பிள்ளைகள் உண்டு. ஒற்றைத் தலைவலி வரும் பலருக்கும் தலைவலிக்கு முன்போ கூடவோ கழுத்து பிடிக்கும். குமட்டல், வெளிச்சம் பிடிக்காமல் இருட்டில் படுக்க நினைப்பது, வீட்டில் அம்மாவுக்கும் அப்படி இருப்பது இவை அதற்கு அடையாளம். அப்போது கழுத்துக்கு மட்டும் வைத்தியம் பார்த்துப் பயனில்லை.

வைட்டமின் டி குறைவுன்னு சொல்றாங்களே?

இருக்கலாம், அடுக்குமாடி வாழ்க்கையில் வெயில் படுவதே இல்லை. ஆனால் அதுதான் கழுத்து வலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. குறைவு இருந்தால் டாக்டர் சொன்ன வாரங்களுக்கு மட்டும் மருந்து. 60,000 யூனிட் பாக்கெட்டை மாதக்கணக்கில் தாங்களே தொடர்ந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வேறு தொல்லை வரும்.

பெங்களூருல யார்கிட்ட முதல்ல காட்டணும்?

வழக்கமாகப் பார்க்கும் குடும்ப டாக்டரோ குழந்தை மருத்துவரோ போதும். அவர் ஆபத்து இல்லை என்று சொன்ன பிறகு பிசியோதெரபி. எலும்பு டாக்டர் வேண்டுமென்றால் ஷிவாஜிநகர் பௌரிங், மார்க்கெட் பக்கம் விக்டோரியா, ஜெயநகர் சஞ்சய் காந்தி ஆஸ்பத்திரி எல்லாம் அரசு நடத்துபவை. கை கால் மரப்பு, பலவீனம் இருந்தால் நிம்ஹான்ஸ்.

பிசியோதெரபிக்குப் போனால் மெஷின் வைத்துவிட்டு மட்டும் அனுப்புகிறார்களா, பயிற்சி கற்றுத்தருகிறார்களா என்று பாருங்கள். கரண்ட் வைப்பது அந்த நேரத்துக்குச் சுகம் தரும், அதோடு சரி. சாதாரணத் தசை வலிக்கு மூன்று நான்கு முறை வந்து பயிற்சியைச் சரியாகக் கற்றுக்கொண்டு வீட்டில் செய்தால் போதும். முன்பணம் கட்டி முப்பது சிட்டிங் எடுக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் துளியும் மாற்றம் இல்லையென்றால் மறுபடி டாக்டரிடம் போய், ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இப்போது தேவையா என்று கேளுங்கள். போகும்போது வலி தொடங்கிய தேதி, இரவு வலி உண்டா இல்லையா, இதுவரை கொடுத்த மருந்துகள் இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பிள்ளையையே பேச விடுங்கள்.